இலாகா மாமன் கிடைத்த கதை

ஊர் சுற்றிக் காட்டுகிறவனுக்கு முக்கியமாகத் தெரிந்திருக்க வேண்டியது சரித்திரம் அல்ல; எந்த இடத்தில் வாயை மூடவேண்டும் என்பதுதான். சரித்திரத்தை யாரும் சரிபார்க்கப் போவதில்லை. வாய் அப்படியல்ல, கூடவே வந்து வினை வைக்கும். இதை நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள் என்பதுதான் தொல்லை. (என் அக்கா சொல்லும்போது கதையின் நடுவில் நான் அழுகிறேன். நான் அழவில்லை.) ஆகையால் ஒரு தடவை நானே எழுதிவிடுவது நல்லது.

மேட்டூர் அணை கட்டி முடிந்த புதிது. அணைக்கு வந்த எஞ்சினீயர்களும் அவர்களைப் பார்க்க வந்த உறவினர்களும், ஞாயிற்றுக்கிழமையை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது என்று தெரியாமல் மோட்டாரில் நாமக்கல்லுக்கு வருவார்கள். நாமக்கல் என்றால் ஒரே பாறை. அதன் உச்சியில் கோட்டை, இடுப்பில் குடைந்தெடுத்த இரண்டு கோயில்கள், எதிரே கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கிற ஆஞ்சநேயர். வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், பிறகு "காபி எங்கே கிடைக்கும்?" என்பார்கள். இந்த இரண்டு காரியத்துக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் நான் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு அதற்குத் தகுதி இருந்தது. திருச்சியில் சரித்திரம் படித்தவன். படித்து முடித்த கையோடு திருநெல்வேலிப் பக்கம் முதுமக்கள் தாழி தோண்டிய இடத்தில் ஒரு கோடைகாலம் முழுவதும் அளவு நாடா பிடித்தேன். நாடாவின் ஒரு முனையைத்தான் பிடித்தேன். ஆனால் ஊர் வந்து சேர்வதற்குள், அந்தத் தாழிகளையெல்லாம் தோண்டியதே நான்தான் என்கிற அளவுக்கு அது வளர்ந்துவிட்டது. (மறு முனையைப் பிடித்தவரும் அவர் ஊரில் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.) தலையில் சோலாத் தொப்பி, கையில் பிரம்பு, வாயில் பல்லவர். இதுதான் நான்.

எங்கள் அப்பாவுக்கு மோகனூர்ப் பக்கம் காவிரித் தண்ணீரில் வெற்றிலைக் கொடிக்கால். அவருக்கு என் தொழிலைப் பற்றி இருந்த அபிப்பிராயம் சுருக்கமானது: "பாறைய ஆரு காட்டோணும்? அது ஊருக்கே தெரியுதே!" அந்த வருஷம் முடிவாகச் சொல்லிவிட்டார். "பங்குனி போறதுக்குள்ள சர்க்கார் உத்தியோகம் ஒண்ணு பாத்துக்க சாமி. இல்லாட்டி தொப்பியக் கழட்டிப்போட்டு கொடிக்காலுக்குத் தண்ணி கட்ட வந்துரு."

பங்குனி பாதி போன பிறகுதான் தொல்பொருள் இலாகா அதிகாரி ஒருவர் நாமக்கல் வந்தார்.

சென்னைக்காரர். தேய்த்த கால்சட்டை, பளபளவென்ற பூட்ஸ், சவரம் செய்த முகத்தில் ஒரு மயிரிழை மிச்சமில்லை. சிரிப்பது செலவு என்று நினைக்கிறவர். குகைக் கோயிலில் உளி நின்றுபோன இடத்தை நான் காட்டியதும் குனிந்து பார்த்தார். "பரவாயில்லையே, இதை யாரும் கவனிப்பதில்லை" என்றார். நான் காற்றில் மிதந்தேன். கோட்டையிலிருந்து இறங்கி வரும்போது அவரே ஆரம்பித்தார்.

"எங்கள் இலாகாவுக்கு ஒரு சர்வே உதவியாளர் வேண்டும். நாளைக் காலையில் சேலம் முசாபரி பங்களாவில் என் மேலதிகாரி வந்து தங்கியிருப்பார். நீர் இப்போதே என் வண்டியில் வந்துவிடும். காலையில் நானே உம்மை அவர் முன்னால் நிறுத்துகிறேன்."

இந்த இடத்தில் "சரி, சார்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறியிருந்தால், இன்றைக்கு நான் ஓர் அதிகாரி. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சார், போகிற வழியில் வெண்ணந்தூர்ப் பக்கம் ஒரு புலிகுத்திக் கல் இருக்கிறது. அடியேன் கண்டுபிடித்தது."

புலியோடு சண்டைபோட்டு உயிர்விட்ட வீரனுக்கு நட்ட கல்லைத்தான் புலிகுத்திக் கல் என்பார்கள். அடியேன் கண்டுபிடித்தது என்றால், அது என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கல்லின் மேல் துண்டைப் போட்டுவிட்டு வாய்க்காலில் கால் கழுவுவேன். கண்டுபிடிப்பு அப்படித்தான் நடந்தது.

நாங்கள் போய் இறங்கிய நேரம், ஊரே வேப்பிலைத் தோரணமாக இருந்தது. தாரை தப்பட்டை முழங்கிக்கொண்டிருந்தது. மாரியம்மன் நோம்பி, அதாவது திருவிழா! மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தண்டு ஒன்றுக்கு மஞ்சள் பூசிக் கோயிலுக்கு முன்னால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கம்பம் என்று பெயர். நட்ட நாளிலிருந்து பிடுங்குகிற நாள்வரை ஊர் ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் அக்கா நல்லம்மாள் வந்தாள்.

"நோம்பிக்கு வாடான்னு எத்தன ஆள் உட்டன்! வராதவன் இன்னைக்கு மோட்டார்ல வந்து எறங்கறான் பாரு. கூட ஆரு சாமி?"

"மெதுவாப் பேசு. ஆபீசர். கல்லைப் பார்க்க வந்திருக்கிறார்."

"கல்லயா? அத்தன தூரத்துலருந்தா?" என்று அதிகாரியை இரக்கத்தோடு பார்த்தாள். "பாவமுங்க. உள்ளார வந்து மோராச்சும் குடிங்க."

மோர் குடிக்கப் பொழுதில்லை. கல்லுக்கு அருகே போனோம். நோம்பிக்காக அதற்கு மஞ்சள் துணி சுற்றி, எண்ணெய் பூசி, மாலை போட்டிருந்தார்கள். மைப்படி எடுக்க வேண்டுமானால் துணியை அவிழ்க்க வேண்டும். (மைப்படி என்பது, கல்லின் மேல் ஈரக் காகிதத்தை ஒட்டித் தட்டி, மை ஒற்றி, கல்லில் இருப்பதைக் காகிதத்தில் வாங்குவது.) பூசாரியிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"பாக்கலாமுங்க. ஆனா கம்பம் நட்டாச்சு. இனிக் கல்லத் தொடறவங்க காப்புக் கட்டியிருக்கோணுமுங்க."

"அவ்வளவுதானே? கட்டுங்க!" என்றேன் நான்.

பூசாரி என்னையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தார். "அவிங்களுக்குமுங்களா? ரோசன பண்ணிச் சொல்லுங்க."

"அவருக்குத்தான் முதலில் கட்ட வேண்டும்."

அதிகாரி, "என்ன ஐயா இது?" என்று கேட்டார்.

காப்புக் கட்டினால் என்னென்ன விதி என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நானும் இந்தச் சீமைக்காரன்தான். ஆனால் அந்த விதிகளெல்லாம் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் என்று எப்படியோ நினைத்துவிட்டேன். கல்லூரி வாசலை மிதித்தவன் கையில் ஏறினால் அதே மஞ்சள் நூல் வெறும் நூலாகிவிடும் என்று யார் எனக்குச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. யாரும் சொல்லவில்லை. ஆகவே அதிகாரிக்கு ஒரு பிரசங்கமே செய்தேன்.

"விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை, சார். அங்கே நட்டிருக்கிறார்களே, அதுதான் பழங்காலத்துக் கந்து. தூணில் தெய்வத்தை ஏற்றி வணங்கிய வழக்கம் இன்னும் இங்கே உயிரோடு இருக்கிறது. இந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டால் நாமே அந்தக் காலத்துக்குள் காலடி எடுத்து வைத்தது மாதிரி!"

அதிகாரி இளகிப்போய்க் கையை நீட்டினார். அவர் இளகி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பூசாரி அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மஞ்சள் துண்டு கோத்து இறுக்கிக் கட்டினார். சுற்றிலும் தறி ஓடுகிற ஊர். நூல் கெட்டியாகத்தான் இருந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். அதிகாரி லேசாகத் தலை வணங்கி அதை ஏற்றுக்கொண்டார்.

மைப்படி எடுத்தோம். தலைமுறை தலைமுறையாகப் பூசிய எண்ணெயில் காகிதம் ஒட்டவே மாட்டேன் என்றது. கடைசியில் உரித்துப் பார்த்தால் புலியும் இல்லை, வீரனும் இல்லை. தீய்ந்த தோசை மாதிரி ஒரு கறுப்பு வட்டம். அதைப் பார்த்துவிட்டு அதிகாரி, "இது எந்தக் காலத்தது என்றீர்?" என்று கேட்டார். "பல்லவர், சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரம். வண்டியை நோக்கி நடந்தோம். எங்களை வழியனுப்புவதற்கென்று நினைத்தேன், ஊரே பின்னால் வந்தது. ஊர்க்கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாகக் கேட்டார்:

"ஏனுங்க, காப்போட எங்கீங்க கெளம்பிட்டீங்க?"

"சேலத்துக்கு" என்றார் அதிகாரி.

"நாளைக்குப் பகல்ல போய்ட்டு வாங்க. ராத்திரிக்கு எல்லைக்குள்ள வந்து படுத்துக்கோணுமுங்க. கம்பம் புடுங்கற வரைக்கும்."

"எப்போது பிடுங்குவீர்கள்?"

"வர்ற செவ்வா போயி அதுக்கு அடுத்த செவ்வாயிங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் வேப்பிலைத் தோரணத்தை ஆராய்ந்துகொண்டிருந்தேன். அதற்குள் கூட்டத்திலிருந்து ஆளாளுக்கு உதவிக்கு வந்துவிட்டார்கள்.

"சவரம் ஆகாதுங்க."

"பூட்சு ஆகாதுங்க. வெறுங்காலுத்தான்."

"கட்டல்ல படுக்கக் கூடாதுங்க."

"கொழம்பு தாளிக்கப் படாதுங்க. தாளிக்காத கொழம்பு ஒடம்புக்கு ரொம்ப நல்லதுங்க!"

ஒருவர்கூடக் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு 'ங்க' போட்டு, பலகாரத் தட்டை நீட்டுகிற மாதிரி நீட்டினார்கள். அதிகாரி பூசாரியிடம், "இதை அவிழ்த்துவிடும்" என்றார்.

"கட்டறதுதானுங்க என்ற கையில இருக்குது. அவுக்கறது கம்பத்துக் கையிலீங்க."

நான் அதிகாரியின் காதருகே போய், "சார், மைப்படிப் பெட்டியில் கத்தரிக்கோல் இருக்கிறது" என்றேன். ரகசியமாகத்தான் சொன்னேன். ஆனால் ஊர்க்கவுண்டருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"வெட்டறதுன்னா வெட்டிக்குங்க. நாங்க ஏனுங்க தடுக்கப் போறோம்? சர்க்காரு ஆளு. இந்த வருசம் மழ தவறுச்சுன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் வானத்தைப் பார்த்தார். ஊரே வானத்தைப் பார்த்தது. அதிகாரியும் பார்த்தார்.

கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை நூலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே நுழைத்தார். டிரைவர் எஞ்சினைக் கிளப்பிவைத்திருந்தான். தப்பட்டை தானாக நின்றது. அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அவர் அழுத்தவில்லை.

"என் பெரிய பெண்ணுக்கு அம்மை போட்டிருந்தது" என்றார் என்னிடம், மிகவும் தாழ்ந்த குரலில். "தலைக்குத் தண்ணீர் விட்டு இன்னும் மாதம் ஆகவில்லை. நீர் வெட்டும்."

கத்தரிக்கோல் என் கைக்கு வந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அம்மை போட்டதில்லை. இனியும் போடக்கூடாது என்பதுதான் என் விருப்பம். ஆகையால் நானும் வெட்டவில்லை. தாழி தோண்டியவன் ஒருவன், தாழி தோண்டுகிறவர்களை மேய்ப்பவர் ஒருவர், ஒரு நல்ல எஃகுக் கத்தரிக்கோல், ஒரு முழம் மஞ்சள் நூல். அந்தக் கத்தரிக்கோலை நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்ட அழகை, அக்கா இன்றைக்கும் இரண்டு கரண்டிகளை வைத்து நடித்துக் காட்டுவாள்.

கடைசியில் வழி சொன்னவளும் அவள்தான்.

"ஏனுங்க பூசாரி, ஒருத்தரு காப்ப இன்னொருத்தரு மாத்திக் கட்டிக்கலாமுல்ல?"

"கட்டலாம் அம்மிணி. ஆனா ஒறவுமொறையா இருக்கோணும். மாமன் காப்ப மருமவன் ஏத்துக்கலாம். மொற இல்லாதவங்களுக்கு மாத்த முடியாது."

"அப்பச் சரி" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு அதிகாரி முன்னால் வந்து நின்றாள். "எங்கம்மாளுக்குக் கூடப் பொறந்தவங்கன்னு ஒருத்தருமில்லீங்க. எங்க ஊட்டு விசேசத்துக்கெல்லாம் மாமன் சீருக்கு ஆளில்லாம ஒண்ணுவிட்டது ரெண்டுவிட்டதுன்னு தேடிக்கிட்டுத் திரியறோம். நீங்களே மாமனா இருந்துக்குங்க. உங்க காப்ப என்ற தம்பி கட்டிக்கிடுவான்."

"நானா? அக்கா, நாளைக்குக் காலையில் எனக்குச் சேலத்தில்..."

"நீதான கட்டச் சொன்ன?"

சபை முழுவதும் தலையை ஆட்டியது. நானும் ஆட்டினேன்.

அதிகாரி என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. ஆத்தா முன்னால் அதெல்லாம் கேட்பதில்லையாம். (அவர் போன பிறகு கேட்டார்கள்.) பூசாரி, "ஆத்தாளக் கேட்டுக்கலாம்" என்று அம்மன் தலையில் ஒரு அரளிப் பூவை வைத்தார். பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை. விழாமலேயே இருந்தால் காத்திருக்க வேண்டியது.

பூ விழவில்லை. ஊர் கை கட்டி நின்றது. அதிகாரி சன்னிதிக்கு மிக அருகே, இடது புறமாக, பூட்ஸைக் கழற்றிவிட்டு நின்றார். அவர் கன்னம் இரண்டும் மெல்ல உப்பி, மெல்ல அடங்கியதை நான் பார்த்தேன். பூ வலப்பக்கம் விழுந்தது. ஊதினாரா, பெருமூச்சு விட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற அளவுக்கு எங்கள் உறவும் அப்போது நெருங்கியிருக்கவில்லை.

அக்கா அவர் கையில் ஒரு தேங்காயைக் கொடுத்து, காலில் விழுந்து, மாமனாக்கிக்கொண்டாள். பூசாரி முடிச்சை வாயால் கவ்வி அவிழ்த்து, அந்தக் காப்பை என் இடக் கையில் கட்டினார். ஆக, ஒரு கையில் என் காப்பு, மறு கையில் இலாகாவின் காப்பு. அதிகாரி வண்டியில் ஏறினார். கதவைச் சாத்திய பிறகுதான் அவருக்கு என் ஞாபகம் வந்தது.

"காலையில் நான் அவரிடம் சொல்கிறேன்" என்றார்.

"ராத்திரிக்குத் திரும்பிவிட்டால் போதும், சார். பகலில் வந்துவிட்டு..."

"இப்படியேவா?" என்று என் இரண்டு கைகளையும் பார்த்தார். வண்டி போய்விட்டது. மஞ்சள் நூல் தெரியாமல் சட்டைக் கையை இழுத்துவிட்டால் போகிறது என்று அன்று ராத்திரியெல்லாம், கட்டில் இல்லாமல், தரையில் படுத்து யோசித்தேன். ஆனால் மறுநாள் விடியும்போதே மாமா, அதாவது அக்கா புருஷன், என் செருப்பை எடுத்துப் பரணில் போட்டுப் பூட்டியிருந்தார். தொப்பியையும்தான். வெறுங்காலோடு, முகத்தில் முள்ளோடு, தொப்பியில்லாமல் முசாபரி பங்களா வாசலில் போய் நின்றால் உள்ளே விடுவார்களா? அந்த ஒரு இடத்தில் மட்டும் என் புத்தி சரியாக வேலை செய்தது. போகவில்லை.

இரண்டாவது செவ்வாய்வரை கம்பத்தைச் சுற்றி ஆடினேன். ஆடுவதற்கு நடுவே, பக்கத்தில் ஆடியவரிடம், "இது பழைய காலத்துக் கந்து, தெரியுங்களா?" என்று ஆரம்பித்தேன். அவர், "கால மாத்தி வெக்கற சாமி. வாய மூடிப்போட்டு ஆடு" என்றார். என் வாழ்க்கையில் கேட்ட மிகச் சிறந்த புத்திமதி அது. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்.

சேலத்தில் நடந்ததை, பிறகு ஒரு தடவை நாமக்கல் பக்கம் வந்த அதிகாரியின் டிரைவர் சொன்னான். அதிகாரி என்னைப் பற்றி நல்லபடியாகத்தான் சொன்னாராம். "ஆள் எங்கே?" என்று மேலதிகாரி கேட்டிருக்கிறார். "ஒரு ஊரில் இருக்கிறான். எல்லையைத் தாண்டி ராத்தங்கக் கூடாது" என்றாராம் இவர். அதற்கு அவர், "நம்முடையது ஊர் ஊராகச் சுற்றுகிற இலாகா. எல்லை தாண்டாதவன் எதற்கு?" என்றுவிட்டார். ஒரு இடத்தில் கால் தரிக்காதவன் என்று அப்பாவிடம் ஆயுசு முழுக்கத் திட்டு வாங்கியவனை, சர்க்கார் இந்தக் காரணத்துக்காகத் தள்ளியது.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவே இல்லை. கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாறையைக் காட்டினேன். இன்றைக்கும் அப்படித்தான். ஆனால் மறு வருஷம் பங்குனியில், அக்கா பெயருக்குச் சென்னையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. உள்ளே மஞ்சள், குங்குமம், ஒரு புடவை, வைக்கோல் சுற்றிய தேங்காய். மாமன் சீர்! வேறு ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வருஷமும் வந்தது. அதற்கடுத்த வருஷம் அவருக்கு எங்கோ ஆந்திரப் பக்கம் மாற்றல், அங்கிருந்தும் வந்தது. எனக்கு ஒரு உத்தியோகம் போட்டுத்தர முடியாதவர், அக்காவுக்குச் சீர் அனுப்பாமல் ஒரு நோம்பிகூட விடவில்லை. விட அவருக்குத் தைரியம் இல்லை என்பது எனக்குத் தெரியும். நானும் கத்தரிக்கோல் பிடித்தவன்தானே.

"இலாகா மாமன் சீர் வந்துருச்சு!" என்று அக்கா ஊருக்கெல்லாம் காட்டுவாள். என் கல்யாணத்துக்கும் அவரிடமிருந்து முறையாக வேட்டி துண்டு வந்தது. எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது: யாராவது அளவுக்கு மீறி உபசாரம் செய்ய ஆரம்பித்தால், உடனே கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். புதிதாக வந்த மருமகள்களுக்குக்கூட முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பென்ஷன் வாங்கிய பிறகு அவர் ஒரு தடவை நோம்பிக்கு நேரிலேயே வந்தார். கம்பம் நடுகிற அன்றைக்கே. முகம் மழுங்க மழுங்க அதே சவரம், அதே பூட்ஸ். அக்கா காலில் விழுந்தாள். தம் பெரிய பெண்ணுக்கு இரண்டு குழந்தைகள் என்று அவர் சொன்னார். கல்லைப் போய்ப் பார்த்தார், தூரத்திலிருந்தே. பூசாரி மஞ்சள் நூல் தட்டோடு எங்கள் பக்கம் வந்தபோது, இலாகா மாமன் மிகவும் மரியாதையாகத் தலை வணங்கினார். ஆனால் ஊரை விட்டு வண்டி ஏறுகிறவரை, கால்சட்டைப் பையிலிருந்து கையை மட்டும் அவர் வெளியே எடுக்கவே இல்லை.